போர் தண்ணீரில் புளோரைடு: குடிக்கவும் சமைக்கவும் உரிய நீரைப் பிரித்துக்கொள்வது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிவாக இருக்கும். உப்புக் கரிக்காது, நாற்றமும் இராது. ஆனால் அதே நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் புளோரைடு என்னும் தாதுதான் இதற்குக் காரணம். கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத இதைக் கண்டறிவதற்கும், வீட்டளவில் உடலுக்குள் போகாமல் குறைப்பதற்கும் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்க வேண்டும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்பதை வைத்து ஒரு கிணற்று நீரை நல்ல தண்ணீர் என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கம். இம்மாவட்டங்களின் அடியில் உள்ள கருங்கற்பாறைகளில் அபடைட், பயோட்டைட் போன்ற தாதுக்கள் புளோரைடைத் தாங்கி நிற்கின்றன; பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைகிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் புளோரைடு அதோடு சேர்ந்து வண்டலாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்த மென்னீரிலோ கரைந்தபடியே நிற்கும். ஆகவே பருப்பை எளிதில் வேகவைக்கும் நீரிலேயே புளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் சுத்தமாகும் என்ற எண்ணமும் இந்த விஷயத்தில் பொருந்தாது.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒருவர் நாளொன்றுக்குக் குடிக்கும் நீரோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள நீரை வீட்டிலிருப்பவர் இரண்டு லிட்டர் குடித்தால் 4 மில்லிகிராம் உள்ளே போகிறது. வெயிலில் களை எடுப்பவர் நாலைந்து லிட்டர் குடிக்கும்போது அது 8 முதல் 10 மில்லிகிராம் வரை ஆகிவிடுகிறது. புளோரைடு பல்லைப் போலவே எலும்பிலும் படியும்; ஒரே கிணற்றைப் பயன்படுத்தும் ஊரில் உழைப்பாளிகளின் இடுப்பும் முழங்காலும் முதலில் விறைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரைச் சோதிக்கும் முறை

ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டிகள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்கு அதைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. உங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர் யார் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழாயில் குறிப்பிட்ட கோடு வரை நீரை எடுத்து, பெட்டியில் உள்ள கரைசலைச் சொன்ன அளவுக்கு விட்டுக் குலுக்கி, நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் புளோரைடு இல்லாத நீர் இளஞ்சிவப்பாக நிற்கும். புளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகி, பின்பு மஞ்சளாகும். இதை நிழலில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்ப்பது நல்லது; மஞ்சள் வெயிலில் பார்த்தால் நிறத்தைத் தவறாகப் படிக்க நேரும்.

நிறம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நின்றால், மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். புளோரைடு சோதனைக்கான மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்கக் கூடாது. சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். எந்தக் குழாய், எந்தத் தேதி என்பதைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

எந்த நீரைச் சோதிக்கிறோம் என்பதே இதில் முக்கியம். ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு தொடங்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவந்தது. அந்த நீர் நல்ல நீர். ஆனால் ஆற்று நீர் போதாத நாளில் போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றினால், தெருக் குழாயில் வருவது இரண்டும் கலந்த நீராகிவிடும். எனவே தொட்டிக்கு வரும் நீரை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடையாமல், உங்கள் வீட்டுக் குழாயில் வரும் நீரையே சோதியுங்கள். கலக்காமல் ஆற்று நீரைத் தனிக் குழாயில், குறைந்த நேரமாவது விடும்படி ஊராட்சியைக் கேட்பது, எந்த வடிகட்டியையும் வாங்குவதைவிடப் பயனுள்ளது என்று உறுதியாகச் சொல்வேன்.

குடங்களைப் பிரித்தல்

குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் போதும். புளோரைடு தோல் வழியே உடலில் சேர்வதில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல நீர் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது நாளைக்கு 25 லிட்டர் அளவில், அதாவது இரண்டு குடங்களில் அடங்கிவிடும். பலர் குடிப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கி, சோற்றுக்கும் களிக்கும் குழம்புக்கும் போர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். அரிசியும் கேழ்வரகு மாவும் தாம் உறிஞ்சும் நீரோடு அதிலுள்ள புளோரைடையும் எடுத்துக்கொள்வதால், இந்தச் சிக்கனம் பாதிப் பயனையே தரும். நீரைக் காய்ச்சினாலும் புளோரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு சற்றுக் கூடவே செய்யும். குளோரினும் மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியும் கிருமிகளுக்கு உரியவை. இந்தத் தாதுவுக்கு அவை உதவா.

குறைந்த செலவில் கிடைக்கும் புளோரைடு அற்ற நீர் மழைநீர்தான். முப்பது சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், வழியில் வீணாவது போக ஏறக்குறைய 19,000 லிட்டர் சேரும். மேற்சொன்ன குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஓராண்டுக்குத் தேவை 9,000 லிட்டர் சொச்சம். அவ்வளவையும் சேமிக்கத் தொட்டி வைக்க எல்லோராலும் முடியாது. ஆனாலும் 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று எண்பது நாளைக்குத் தாங்கும். முதல் மழையைக் கூரை கழுவிப் போகவிட்டு, பிறகு வருவதை இரட்டைத் துணியில் வடிகட்டி, வெளிச்சமும் கொசுவும் புகாத மூடிய தொட்டியில் பிடியுங்கள், குடிக்குமுன் காய்ச்சுங்கள். நீர் குறைந்தால் கலந்தும் பயன்படுத்தலாம்: லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீர் ஒரு குடத்துக்கு மழைநீர் இரண்டு குடம் சேர்த்தால் அளவு 1 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும்.

ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடின் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் புளோரைடு செறிந்திருப்பதால் அதை மாட்டுக்கு வைக்கக் கூடாது. கால்நடைகளுக்கும் பல்லும் எலும்பும் இதே வகையில் கெடும். புளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் ஊக்குவிக்கப்பட்ட அலுமினா (ஆக்டிவேட்டட் அலுமினா) துகள்கள் நிரப்பிய வடிகட்டிகளும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் திறன் தீர்ந்துபோனதை வெளியிலிருந்து அறிய முடியாது. நீர் முன்போலவே தெளிவாகத்தான் விழும். ஆகவே மாதம் ஒருமுறை அந்த நீரைச் சோதிக்க ஏற்பாடு இல்லாத வீட்டில் அதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. படிகாரத்தின் அளவு நீரின் புளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து மாறும். குத்துமதிப்பாகப் போட்டால் அலுமினியம் நீரில் மிஞ்சும். ஆய்வகம் அளவு சொல்லாமல் வீட்டில் இதைச் செய்யக் கூடாது.

பிள்ளைகளும் உணவும்

நல்ல நீர் கொஞ்சமே இருந்தால் அது முதலில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் போக வேண்டும். நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலம் அது. அப்போது ஏற்படும் குறை பின்னர் மாறாது. மேல் முன்பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். இரு பக்கமும் ஒத்தாற்போல், பல்லுக்குக் குறுக்கே சுண்ணாம்பு வெண்மையில் கோடுகள் இருந்தால் அது தொடக்கம். அவையே பிறகு மஞ்சளாகவும் பழுப்பாகவும் நிறம் மாறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத இந்தக் கறைக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவு என்பதால், தாய் எந்த நீரைக் குடித்தாலும் பால் குடிக்கும் குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டு. பால்பவுடரைப் போர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும்போதே ஆபத்து வருகிறது. சிறு பிள்ளைகள் பற்பசையை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

உணவில் உள்ள கால்சியம் குடலில் புளோரைடோடு சேர்ந்து கரையாத உப்பாகி வெளியேறிவிடுவதால், கால்சியம் குறைந்த உடலில்தான் புளோரைடு அதிகம் ஏறுகிறது. இந்தப் பகுதியின் சொந்தத் தானியமான கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முருங்கைக்கீரையும் மோரும் அதற்கு நல்ல துணை. களியை நல்ல நீரில் கிண்டி, கீரைக் குழம்போடு உண்பது மாத்திரையைவிட எளிய வழி. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை இழுத்து இலையில் சேர்ப்பதால், போர் தண்ணீரில் கொதிக்கவைத்த பால் சேர்க்காத டீயைப் பலமுறை குடிக்கும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களை மூன்று அசைவுகளால் வீட்டிலேயே பார்க்கலாம்: முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல், முகவாயால் நெஞ்சைத் தொடுதல், கைகளை நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொடுதல். இவற்றில் ஏதேனும் வலித்தாலோ முடியாமல் போனாலோ, நீர்ச் சோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். எல்லா மூட்டு வலியும் புளோரைடால் வருவதில்லை. சிறுநீர்ச் சோதனையும் முன்கை எக்ஸ்ரேயும் பார்த்து மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டும். முற்றிய எலும்புப் பாதிப்பு திரும்பாது என்றாலும், ஆரம்ப நிலையில் நீரை மாற்றினால் பலருக்கு வலி குறைகிறது.

ஒருமுறை சோதித்தது போதாது. நிலத்தடி நீர் இறங்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறையும் சோதித்து, கிடைத்த எண்ணைத் தேதியோடு மேல்நிலைத் தொட்டியின் சுவரில் பெயின்டால் எழுதிவைக்கக் கேளுங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகப் பதியவைத்தால், கோடைக்கு முன்பே சோதனை நடக்க வழியுண்டு.