ஆறு மாதப் பிள்ளைக்கு முதல் சோறு

பிள்ளைக்கு 6 மாதம் நிறைந்ததும் சோற்றைக் குழைய வேகவைத்து மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில், முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கஞ்சித்தண்ணீரில் வயிறு நிரம்புமே தவிர சத்து சேராது. அப்புறம் சில நாள் இடைவெளியில் பருப்பு, நுவரெலியா கரட், உருளைக்கிழங்கு, கீரை, நன்றாக வெந்த முட்டை, முள்ளெடுத்த மீன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். உப்பு, சீனி, தேன் மூன்றும் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம்.

நம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) அழுகிற பிள்ளைக்குத் தேத்தண்ணீரில் பிஸ்கட் நனைத்து ஊட்டுகிறோமே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேயிலை, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார், வீட்டில் பிள்ளையைப் பார்க்கும் அம்மாயியிடமும் (பாட்டியிடமும்), தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலும் இதைச் சொல்லி வையுங்கள்.