பழைய ஸ்டோரேஜ் கார்டு, புதிய லினக்ஸ்: எங்கே சறுக்குகிறோம்?

ரெட் ஹேட் லினக்ஸின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7 வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய சர்வர். அதற்கடுத்த ரெட் ஹேட் 8 வகை லினக்ஸில் ஏதாவதொன்றைப் போடப் போனால் இன்ஸ்டாலர் ஒரு டிஸ்க்கைக்கூடக் காட்டாது. டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் ஸ்டோரேஜ் கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கிவிடுவார்கள் பலர். இருப்பதிலேயே செலவு பிடிக்கும் தவறு இதுதான்.

2019-இல் வந்த ரெட் ஹேட் 8, பழைய ஸ்டோரேஜ் கார்டுகள் பலவற்றைக் கைவிட்டது. எஸ்ஏஎஸ்2008 சிப் உள்ள எல்எஸ்ஐ 9211-8ஐ அவற்றில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிப்புக்கான எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதிலும் இருக்கிறது. டிரைவருக்குள் உள்ள பட்டியலிலிருந்து சிப்பை அடையாளம் காட்டும் பிசிஐ எண்ணை மட்டும் எடுத்துவிட்டார்கள். ரேஷன் கடையில் அரிசி இருக்கிறது, அட்டையில்தான் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஆகவே டிரைவரின் பெயரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை -என்என் (-nn) சேர்த்து ஓட்டினால் கார்டின் எண் தெரியும். இந்தச் சிப்புக்கு 1000:0072. புதிய பதிப்பை ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவி, டிரைவரின் விவரம் தரும் மோட்இன்ஃபோ (modinfo) கட்டளை காட்டும் ஏலியஸ் வரிகளில், அதாவது டிரைவர் ஏற்கும் கார்டுகளின் பட்டியலில், அந்த எண் வருகிறதா என்று தேடுங்கள். சர்வரைத் தொடுவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். வராவிட்டாலும் வழி உண்டு: ரெட் ஹேட் வகைக்குக் கூடுதல் டிரைவர்களைத் தரும் தன்னார்வத் திட்டமான ஈஎல்ரெப்போவின் டிரைவர் டிஸ்க்கை நிறுவும்போதே ஏற்றலாம், அல்லது ரெட் ஹேட் வகையிலேயே இன்னொன்றான அல்மாலினக்ஸுக்கு மாறலாம். நீக்கப்பட்ட எண்களில் பலவற்றை அவர்கள் 2024-இல் 9.4 பதிப்பில் திரும்பச் சேர்த்தார்கள்.

நிறுவியபின் வருவதுதான் பெரிய தலைவலி. வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் உள் அமைப்பை நம்பி இருக்கிறது. 8.4-இலிருந்து 8.5-க்குப் போனாலே அது ஏறாமல் போகலாம். வழக்கம்போல எல்லாவற்றையும் அப்டேட் செய்து ரீபூட் கொடுத்தால், ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) கிடைக்காமல், பழுதுபார்க்க மட்டும் உதவும் எமர்ஜென்சி ஷெல்லில் நிற்பீர்கள். பொருத்தமான டிரைவர் தொகுப்பு வரும்வரை அப்டேட்டிலிருந்து கெர்னலை மட்டும் விலக்கி வையுங்கள். ரூட் டிஸ்க் அந்தக் கார்டில் இருந்தால், பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை டிராக்கட் (dracut) கட்டளையால் திரும்பக் கட்டி, டிரைவர் அதற்குள் போயிருக்கிறதா என்று எல்எஸ்இனிட்ஆர்டி (lsinitrd) கட்டளையில் பார்த்துவிட்டே ரீபூட் செய்யுங்கள். தொகுப்புகளை நிறுவும் டிஎன்எஃப் வழக்கமாக மூன்று கெர்னல்களைத்தான் வைத்துக்கொள்ளும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நன்றாக ஓடிய பழையது சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். அந்த வரம்பைக் கூட்டிவையுங்கள்.

டிரைவர் ஏறாததற்கு, நம்பிக்கையான கையெழுத்து இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் காரணமாக இருக்கலாம். அதை அணைத்துவிடுவது சோம்பேறித்தனம். தொகுப்பில் கையெழுத்திட்டவரின் சாவியை மோக்யூட்டில் (mokutil) கட்டளையால் பதிவு செய்தால் போதும்.

பழைய வகை இணைப்பான ஐடிஇ டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பழைய ஐடிஇ டிரைவர்கள் 2021-இல் 5.14 கெர்னலோடு போய்விட்டன, வேலையை லிப்ஏடிஏ என்ற டிரைவர் தொகுதி பார்க்கிறது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் இன்னும் எச்டிஏ (hda) என்ற பழைய பெயர் எழுதியிருந்தால் யுயுஐடிக்கு, அதாவது மாறாத அடையாள எண்ணுக்கு, மாற்றுங்கள்.

இத்தனை பாடும் பேக்கப் சர்வருக்குத் தகும். சம்பளக் கணக்கு ஓடும் டேட்டாபேஸுக்கு என்றால் புதிய கார்டையே வாங்குவேன். வாங்குமுன், டிஸ்க்குகள் ஐடி (IT) மோடில், அதாவது கார்டு அவற்றைத் தனித்தனியாக அப்படியே காட்டும் முறையில், இருக்கின்றனவா, கார்டே பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ரெய்டு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னதென்றால் டிஸ்க்குகளை அப்படியே புதிய கார்டில் மாட்டலாம். பின்னதென்றால், பழைய கார்டு உயிரோடிருக்கும்போதே டேட்டாவை வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும்.