மணற்பாறைத் தடத்தில் மலைச் சைக்கிள்: மேன்லி அணைக் காட்டில் தொடங்குவோருக்கு

சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதியில், 1892இல் கட்டப்பட்ட மேன்லி அணையைச் சுற்றியுள்ள புதர்க்காட்டுக்குள் சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச் சைக்கிள் தடம் ஒன்று வளைந்து வளைந்து செல்கிறது. வீடுகளுக்கு நடுவே இருக்கும் காடுதானே என்று எண்ணி வருவோர், முதல் அரை மணி நேரத்திலேயே உள்ளங்கை மரத்துப்போய் ஓரமாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைச் சோர்வடையச் செய்வது தொலைவோ ஏற்றமோ அன்று, பாறைதான். இருபது கோடி ஆண்டுகளுக்கும் பழைமையான ஹாக்ஸ்பரி மணற்பாறை இங்கே படிகளாகவும் பலகைகளாகவும் உடைந்த கற்களாகவும் வழிநெடுக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

புறப்படுவதற்கு முன் டயரில் உள்ள காற்றைச் சரிபார்க்க வேண்டும். சைக்கிளின் விலையைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து. தார்ச்சாலைக்காக 40 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) வரை ஏற்றிய டயர் பாறையில் பந்துபோல் துள்ளும். 29 அங்குலச் சக்கரமும் 2.4 அங்குல அகல டியூப்லெஸ் டயரும் உள்ள சைக்கிளை 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஓட்டுவதானால், முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ என்று தொடங்கி, தமக்கு ஏற்றபடி ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். உள்ளே டியூப் இருந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாக வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாறை விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் ஃபோர்க்கை, நீங்கள் ஏறி நின்றதும் அதன் மொத்த அசைவில் ஏறக்குறையக் கால் பங்கு அமிழும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதைக் காட்டுக்குப் போவதற்கு முன்பே, வீட்டருகே உள்ள நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கிப் பழகலாம். பெடலை மிதிக்காதபோது இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; ஒன்று கீழே தொங்கினால் கல்லில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். சீட்டை இறக்கிவிட்டு எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, உடல் எடை முழுவதும் பாதங்களின் வழியாகப் பெடலில் இறங்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரு விரல் போதும். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும். ஆனால் நெரிக்க வேண்டாம். இறுக்கிப் பிடிப்பவரின் தோளுக்குப் பாறையின் ஒவ்வொரு அதிர்வும் ஏறிவிடும். உங்களுக்குக் கீழே சைக்கிள் தன் போக்கில் ஆடட்டும், நீங்கள் ஆடாமல் இருந்தால் போதும்.

இந்தத் தடத்தில் மிகவும் பேர்போன பகுதி கோல்ஃப் மைதானத்தை ஒட்டி இறங்கும் பாறைச் சரிவு. மைதானத்தில் 18 குழிகள்தான் என்பதால், ஆளை விழுங்கும் இந்தச் சரிவுக்குப் ‘பத்தொன்பதாவது குழி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் முறை அங்கே ஓட்டாதீர்கள். சைக்கிளை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு நடந்து கீழே இறங்கி, அங்கிருந்து மேலே பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கண்ணில் படாத பொந்தும், சக்கரம் சிக்கக்கூடிய வெடிப்பும், பலர் போய்த் தேய்ந்து வெளுத்த வழியும் கீழிருந்து தெளிவாகத் தெரியும். பிறகு ஓட்டும்போது, இடிக்கக் கூடாத கல்லைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தையே பாருங்கள். கண் போகும் பக்கம்தான் சக்கரமும் போகும்.

படிபோல் நிற்கும் பாறையில் இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான விழுகைகள் அங்கேதான் நேர்கின்றன. வேகத்தைக் குறைப்பதெல்லாம் விளிம்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, நேராக விளிம்பை அணுகுங்கள். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டும் கணத்தில் குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைச் சற்றுப் பின்னே கொண்டுபோய், கைகளை நீட்டி ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ளுங்கள். சக்கரம் கீழே தரையைத் தொட்டதும் உடலை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தால் முன்சக்கரத்தில் எடையில்லாமல் அடுத்த வளைவில் வழுக்கிவிடும். முன்சக்கரம் பள்ளத்தில் படும் நொடியில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது. என் இடது முழங்கையில் உள்ள தழும்பு அந்த ஒரு நொடியில் பயந்துபோய் விரலை மடக்கியதன் பலன். முழங்கால் உயரப் படிதான் அது. அதற்கு முந்தைய வாரம் நான்கு முறை ஒழுங்காக இறங்கியிருந்தேன்.

படியில் ஏறுவதற்கு வேகத்தைவிட நேரக் கணக்கு முக்கியம். இலகுவான கியரில் வந்து, ஒரு பெடலை அழுத்தும் அதே சமயத்தில் ஹேண்டில்பாரை இழுத்து முன்சக்கரத்தைப் படிமேல் வையுங்கள். உடனே மார்பை முன்னே கொண்டுபோனால் எடை நீங்கிய பின்சக்கரம் தானாக ஏறிவிடும். நடுவில் கல் உயர்ந்து நின்றால் முழுச் சுற்று மிதிக்காமல், அரைச் சுற்று முன்னும் பின்னுமாக மிதித்துக் கடக்கலாம்.

காய்ந்த மணற்பாறை உப்புத்தாள்போல் டயரைப் பற்றிக்கொள்ளும், அதை நம்பலாம். அதன்மேல் பரவிய பொடிச்சரளையை நம்பக் கூடாது. குண்டுமணிமேல் ஓடுவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. நிழல் ஓடைகளில் பாசி படிந்த பாறை, யூகலிப்டஸ் மரம் உரித்துப்போட்ட பட்டை, குறுக்கே ஓடும் வேர் ஆகியவற்றில் பிரேக் போடாமல், செங்குத்தாக, சாயாமல் கடந்து செல்லுங்கள்.

பலத்த மழைக்குப் பிறகு தடம் மூடப்பட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். ஈரமண்ணில் விழும் சக்கரப் பள்ளம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். நடந்து வருவோருக்கு வழிவிடுங்கள். தட்டையான பாறைத் தளம் தென்பட்டதும் அதில் சுற்றிப் பார்க்கத் தோன்றலாம். ஆனால் சிட்னியின் மணற்பாறைத் தளங்கள் பலவற்றில் பூர்வகுடி மக்கள் செதுக்கிய உருவங்கள் மங்கிக் கிடக்கின்றன. ஆகவே தடத்தை விட்டு விலக வேண்டாம். டயரில் ஒட்டும் மண்ணோடு ஃபைட்டோஃப்தோரா என்னும் வேரழுகல் நோய்க்கிருமி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய், பேங்க்சியா, புல்மரம் போன்ற செடிகளைக் கொல்கிறது என்பதால், வருவதற்கு முன்னும் போன பின்னும் டயரைக் கழுவுவது அவசியம்.

கோடையில் இரண்டு லிட்டர் தண்ணீரும், ஒரு டியூபும், காற்றடிக்கும் பம்பும், அகலமான இரண்டு அழுத்தக் கட்டுத்துணிகளும் பையில் இருக்கட்டும். கட்டுத்துணி பாம்புக்காக. கடித்த இடத்தைக் கழுவாமல், கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் அழுத்திச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை ஓரடிகூட நடக்கவிடாமல், அவசர உதவி எண்ணான 000ஐ அழைக்க வேண்டும். உண்மையில் பாம்பைவிட அதிகமாகத் தொல்லை தருவது வசந்த காலத்தில் தலைக்குமேல் பாய்ந்து கொத்த வரும் மேக்பை பறவைதான். அதற்காகத் தலைக்கவசத்தில் கேபிள் டைகளைச் செருகி முள்ளம்பன்றிபோல் வருகிறவர்கள் உண்டு. பறவை அதைப் பொருட்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் காதின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் நசுக்கிப் பிடுங்கக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உறையவைக்கும் தெளிப்பானை அடித்து, அது செத்துத் தானாக உதிரும்வரை விட்டுவிட வேண்டும்.