கதவு திறந்துவிட்டதே என்று நம்பாதீர்கள்: லண்டனுக்கு வரும் நம் ஊர்க்காரர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மின்விசாக் கணக்கைப் புறப்படும் முன்பே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் கேட்கப்படும் ஷேர் கோடு, அதாவது உங்கள் விசா உரிமையைக் காட்டும் குறியீடு, அதிலிருந்துதான் கிடைக்கும். தேசியக் காப்பீட்டு எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவதற்குக் கட்டணம் கிடையாது என்பதால், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். இவற்றையெல்லாம் உங்கள் நிறுவனமோ கல்லூரியோ எப்படியும் சொல்லிவிடும். எனக்கு யாரும் சொல்லாதது ரயில் நிலையத்தில் அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவைப் பற்றித்தான்.

நம் ஊரில் பயணச்சீட்டு நம்மைத் தேடி வரும். டவுன் பஸ்ஸில் எந்த மூலையில் நின்றாலும் நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கேட்பார். சில்லறை பாக்கியிருந்தால் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். ரயில் பழக்கமும் நமக்குக் குறைவு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே இல்லாததால், ரயிலேறுவதற்கே தர்மபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் ஏறிப் போனவர்கள் நாம். அப்படி வளர்ந்தவனை 1863 முதல் ஓடும், 272 நிலையங்கள் கொண்ட சுரங்க ரயிலுக்குள் இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

பேருந்தில் சிக்கல் இல்லை. பணம் வாங்க மாட்டார்கள். ஏறும்போது வங்கி அட்டையைக் கருவியில் காட்டினால் போதும், இறங்கும்போது காட்ட வேண்டியதில்லை. சுரங்க ரயிலிலோ நுழையும்போதும் வெளியேறும்போதும் காட்ட வேண்டும். இதை நான் முதல் நாளே கற்றுக்கொண்டேன், கற்றுக்கொண்ட பெருமையும் இருந்தது. தினமும் காலையில் ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் மஞ்சள் வட்டத்தின்மேல் கைபேசியை வைத்து உள்ளே போவேன். இறங்கும் இடத்தில், ஜனவரிக் குளிரில் விறைத்த விரலால் கைபேசியைத் திறக்கச் சோம்பல்பட்டு, பையிலிருந்த வங்கி அட்டையை வைத்து வெளியே வருவேன். கைபேசிக்குள் இருந்ததும் அதே அட்டைதான், கணக்கும் ஒன்றுதான். கதவு ஒருநாள்கூட மறுத்ததில்லை.

மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்ப உட்கார்ந்தபோதுதான் வங்கிக் கணக்கில் நாளுக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கட்டணப் பதிவுகள் விழுந்திருப்பதைக் கண்டேன். கைபேசி அட்டையின் உண்மையான எண்ணைக் கொடுப்பதில்லை; தனக்கென்று வேறோர் எண்ணைக் கொடுக்கிறது. ஆகவே அந்த இயந்திரத்தின் பார்வையில், ஒருவன் உள்ளே போய் வெளியே வரவேயில்லை, இன்னொருவன் உள்ளே போகாமலே வெளியே வந்துவிட்டான். இருவரிடமும் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்ற உச்சவரம்பும் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகத்தான் கணக்கிடப்படுகிறது. லண்டன் போக்குவரத்து அமைப்பின் (TfL) இணையதளத்தில் கணக்கு தொடங்கி, அட்டையைச் சேர்த்து, முற்றுப்பெறாத பயணங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நான் கேட்டேன், கொஞ்சம் வந்தது. ஆகையால் வந்த முதல் வாரமே கணக்கைத் தொடங்கி, வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

டி.எல்.ஆர். என்ற இலகு ரயிலில் சிக்கல் வேறு மாதிரி. அதன் பல நிலையங்களில் கதவே கிடையாது. நடைமேடைக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் அட்டை காட்டும் கருவி மட்டும் நிற்கும். பாலக்கோட்டு நண்பர் ஒருவர், தமிழ்க் கடையில் கிருஷ்ணகிரி முகவரி அச்சிட்ட மாம்பழக்கூழ் டப்பாவைக் கண்ட மகிழ்ச்சியில், அதைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டே கம்பத்தைத் தாண்டிப் போய் ரயிலேறிவிட்டார். பரிசோதகர் வந்தபோது, "கதவே இல்லையே சார்" என்றிருக்கிறார். அபராதம் 100 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் 50. கட்டினார். அந்த டப்பாவை நாங்கள் இருவரும் சப்பாத்தியோடு தின்று தீர்த்தோம், அவ்வளவு விலை கொடுத்த மாம்பழத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை.

அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "டவுன் பஸ்ஸுல எனக்குக் காசே இல்லடா, அதுக்கே கண்டக்டர் சீட்டு குடுக்காம விடமாட்டாரு. எறங்குற வரைக்கும் முந்தானையில முடிஞ்சு வெச்சிருப்பேன்" என்றார். கைபேசியிலிருந்து வங்கி அட்டையை அன்று இரவே நீக்கினேன். இப்போது போகவும் வரவும் ஒரே அட்டைதான். கோட்டின் இடது உள்பையில் அதைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை.