செட் (sed) கட்டளையில் சாய்கோடு தொல்லையா?

டெர்மினலில் செட் கட்டளையால் கோப்புப் பாதைகளைத் தேடி மாற்றும்போது, எஸ் (s) எழுத்துக்குப் பின் / போடாமல் # போடுங்கள். எஸ்-ஐ அடுத்து எந்தக் குறி வருகிறதோ, அதையே செட் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும். அதனால் \/பழையது\/படம் என்று ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் \ போட்டு மாயவேண்டாம். ஒற்றை மேற்கோளுக்குள் s#/பழையது/படம்#/புதியது/படம்# என்றே எழுதலாம், கண்ணுக்கும் தெளிவு. கடைசி # விடுபட்டால் கட்டளை ஓடாது.

தேடும் சொல்லிலேயே # இருந்தால் (நிறக் குறியீடுகள், ஷெல் குறிப்புரைகள்) இது உதவாது. அங்கே @ போடலாம். பலர் | போடுவார்கள், ஆனால் ரெஜெக்ஸில் (வடிவம் சொல்லித் தேடும் முறை) 'இது அல்லது அது' என்று தேடும்போது அது சிக்கலாக்கும். அப்புறம், வரியைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் / தவிர வேறு குறி வைத்தால் முதல் குறிக்கு முன் ஒரு \ கட்டாயம்.