இரண்டாம் உலகப் போரில் பயிற்சிப் பறப்பில் இறந்த விமானப்படைப் பொடியனின் விபரம் தேடுகிறது எப்படி

முதலில் சண்டைப் புத்தகங்களை மூடி வையுங்கோ. பயிற்சியில் விழுந்தவன் அதுகளுக்குள் வரமாட்டான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படை இழந்த ஏறக்குறைய 55,500 பேரில் 8,000க்கு மேற்பட்டவர்கள் விபத்துகளில் போனவர்கள். பிளேன் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி வளர்ந்த ஆக்கள் நாங்கள். எனக்கே இந்த எண்ணிக்கை புதுசாய்த்தான் இருந்தது.

அம்மப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியில் சீருடைப் படமொன்று கிடந்தால், பின்பக்கத்தைப் பாருங்கோ. பெயரைவிடச் சேவை இலக்கம்தான் முக்கியம். ஸ்மித் மாதிரி நிறையப் பேருக்கு இருக்கிற பெயரைப் போட்டுத் தேடி முடியாது.

அந்த இலக்கத்தைக் கொண்டு பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடுங்கோ, இலவசம். இறந்த திகதியும் கல்லறையும் வரும். எப்படி இறந்தான் என்று வராது. அதுக்கு ஒரு வழி இருக்கு: அதே திகதியைப் போட்டு மற்றவர்களையும் தேடுங்கோ. ஒரே பிளேனில் போனவர்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம். ஆனால் பிரித்தானியாவுக்குள் விழுந்திருந்தால் அந்நாட்டவரின் உடல்களைச் சொந்த ஊருக்கு அனுப்பியிருக்கலாம், ஆளுக்கொரு தேவாலய வளவில் கிடக்கலாம். இலங்கையில் இறந்தவர் என்றால் திருகோணமலை நிலாவெளி வீதி மயானத்தைப் பாருங்கோ. பலாலி ஓடுபாதையையும் அந்தப் போரில் வெள்ளைக்காரன்தான் போட்டவன், ஆனால் அதை வைத்து 'இங்கேதான் விழுந்திருப்பான்' என்று கதை கட்டவேண்டாம். உடல் கிடைக்காத விமானப்படையினர் 20,000க்கு மேற்பட்டவர்களின் பெயர் இங்கிலாந்தில் ரன்னிமீட் நினைவகத்தில் இருக்கு; ஆசியப் பக்கம் காணாமல் போனவர்களுக்குச் சிங்கப்பூரில் கிராஞ்சியில் இருக்கிற நினைவகம்.

விபத்துக்கான காரணம் ஹென்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் 1180ஆம் இலக்க விபத்து அட்டையில் இருக்கும்: என்ஜின் நின்றதோ, இரவுப் பறப்பில் மலையில் மோதியதோ என்று. லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் எல்லாரும் ஏஐஆர் 27 வரிசையைக் கேட்பார்கள். அது போர் அணிகளின் நாட்குறிப்பு. பயிற்சிப் பிரிவுகளுக்கு ஏஐஆர் 29.

பொடியன் ஆஸ்திரேலியன் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்நாட்டுக் காப்பகத்தின் ஏ705 வரிசைக் கோப்புகள் பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கு. சாட்சிகளின் வாக்குமூலம், தாய்க்குப் போன கடிதம், திருப்பி அனுப்பிய உடுப்புகளின் பட்டியல் வரைக்கும். கியூவுக்கு மட்டும், லண்டனில் இருக்கிற மச்சாள் ஆரையாவது பிடியுங்கோ.