தடுப்பூசி ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் நம் மக்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில், ஏதோவொரு பல்கலைக்கழகம் புதிய தடுப்பூசியைக் கண்டுபிடித்துவிட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. அதை அப்படியே நம்புகிறவர்களும், பார்த்ததுமே பொய் என்று தள்ளுகிறவர்களும், எந்தக் கிருமிக்கு, யாருக்கு, ஆய்வின் எந்தக் கட்டத்தில் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கிருமியைத் தவறாக அடையாளம் கண்டால் என்னவாகும் என்பதற்குப் பக்கத்து ஈப்போவே சாட்சி. 1998இன் பிற்பகுதியில் அங்குள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிப் புகை அடித்தார்கள். அந்நோய்க்கான தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே நோயுற்றவர்களோ பன்றிகளோடு புழங்கிய பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி, அதுவரை யாரும் அறியாத நிப்பா வைரஸ். மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர். ஊசி போட்டும் இறந்தார்களே என்று இதைக் காட்டித் தடுப்பூசியைக் குறைகூறுவது பொருந்தாது; போட்ட ஊசி வேறொரு நோய்க்கானது.

டிங்கி காய்ச்சலைப் பற்றிய தவறுதான் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒருமுறை வந்துவிட்டால் இனி வராது என்று பலர் நம்புகிறார்கள். டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. வந்துபோன வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைத்தாலும், மற்ற மூன்றுக்கு எதிரான பாதுகாப்பு சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். அதன்பின் வேறொரு வகை தொற்றும்போது, முந்தைய தொற்றின்போது உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் வைரஸை ஒட்டிக்கொண்டாலும் அழிக்க முடியாமல், சில வேளைகளில் அது உயிரணுக்களுக்குள் நுழைய உதவியும் செய்துவிடுகின்றன. இரண்டாவது டிங்கி முதலாவதைவிடக் கடுமையாக வரக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

இதை அறியாமல் டெங்வாக்சியா என்ற டிங்கி தடுப்பூசியின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. பிலிப்பைன்சில் 2016இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போடப்பட்டது. 2017 இறுதியில் திட்டம் நிறுத்தப்பட்டது. முன்பு டிங்கி வந்தவர்களை அந்த ஊசி காத்தது. ஒருமுறைகூட வராதவர்களுக்கு ஊசியே முதல் தொற்றைப் போல அமைந்து, பின்னர் உண்மையான தொற்று வந்தபோது நோய் கடுமையாகும் அபாயத்தைக் கூட்டியது. ஊசியே கெட்டது என்பதும், அதில் குறையே இல்லை என்பதும் ஒருசேரத் தவறு. யாருக்குப் போடுகிறோம் என்பதுதான் பிரச்சினை. மலேசியாவில் 2024 பிப்ரவரியில் நிபந்தனையுடன் பதிவுபெற்ற கியூடெங்கா வேறொரு டிங்கி ஊசி. டெங்வாக்சியாவின் பழியை இதன்மேல் ஏற்றக் கூடாது. அதற்காக இது நான்கு வகைக்கும் சமமாக வேலை செய்யும் என்று எண்ணுவதும் சரியல்ல: முன்பு டிங்கி வராதவர்களிடம் மூன்றாம், நான்காம் வகைகளுக்கு எதிரான பலன் ஆய்வில் உறுதிப்படவில்லை.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதாலேயே பாதுகாப்பு உறுதி என்று கொள்வதும் இதே வகைத் தவறு.

அடுத்தது கட்டம் பற்றியது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் நிப்பா தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியபோது, அதில் சேர்க்கத் திட்டமிட்டவர்கள் 51 பேர் மட்டுமே. பாதுகாப்பானதா, உடல் எதிர்வினை காட்டுகிறதா என்பதையே இக்கட்டம் ஆராயும். நோயைத் தடுக்குமா என்பதை அல்ல. நிப்பா ஆங்காங்கே சிறு அளவில் தலைகாட்டி மறைவதால், ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு அதன் பலனை அளப்பதும் கடினம். மறுபுறம், கோவிட் ஊசியை ஓராண்டில் அவசரமாகச் செய்தார்கள் என்பது பாதி உண்மை. அவற்றில் எம்ஆர்என்ஏ (கிருமியின் ஒரு புரதத்தைச் செய்ய உயிரணுக்களுக்குக் குறிப்புத் தரும் மூலக்கூறு) வகை ஊசிகளுக்கு அடிப்படையான ஆய்வைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் காரிக்கோவும் வைஸ்மனும் 2005லேயே வெளியிட்டிருந்தனர். அதற்குத்தான் 2023இல் நோபல் பரிசு.

95 விழுக்காடு பலன் என்றால் ஊசி போட்ட நூறு பேரில் ஐவருக்கு நோய் வரும் என்று பொருளல்ல. போடாதவர்களோடு ஒப்பிடுகையில் நோயுறும் வாய்ப்பு அவ்வளவு குறைகிறது என்று பொருள்.

ஊசி போட்டாயிற்று என்று காய்ச்சலை அலட்சியப்படுத்துவதும் ஆபத்து. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.